பெரும்பீதி: ஏற்றத்தாழ்வுக் காலத்தில் மக்கள் மாறுதலுக்கு அஞ்சுவது ஏன்?



சமுதாயத்தைச் சீர்திருத்த முற்படுகிறவர்களுக்கும் ஆட்சிப் பொறுப்பில் அமர்ந்திருப்பவர்களுக்கும் பொதுவானதொரு மனக்குறை உண்டு. எவ்வளவு நல்லெண்ணத்தோடு ஒரு மாறுதலைக் கொண்டுவந்தாலும், அதனால் பயனடைய வேண்டிய ஏழை ஜனங்களே முதலில் அதைச் சந்தேகிக்கிறார்கள், கேட்ட வதந்தியையெல்லாம் நம்புகிறார்கள், சிலபோது தடியெடுத்துக்கொண்டு தெருவுக்கும் வந்துவிடுகிறார்கள் என்பதே அந்த மனக்குறை. காரணம் என்னவென்று கேட்டால், அறியாமை என்ற ஒரே சொல்லில் விடை வந்துவிடும். கல்வி பரவட்டும், அச்சம் தானே விலகும் என்று சொல்லிவிட்டு அவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இந்த விடையில் உண்மையே இல்லையென்று நான் வாதிக்க வரவில்லை. ஆனால் சரித்திரத்தைச் சற்றுப் பொறுமையோடு புரட்டிப் பார்க்கிறவனுக்கு, இந்த விடை சொல்லுகிறவர்களுக்கு எவ்வளவு சௌகரியமானது என்பதும், கேட்கிறவர்களுக்கு எவ்வளவு அநியாயமானது என்பதும் விளங்காமற் போகாது.

ஏற்றத்தாழ்வு மிகுந்த சமுதாயத்தில் மாறுதலைக் குறித்து எளியவர்கள் கொள்ளும் அச்சம், பெரும்பாலும், அனுபவம் கற்றுக்கொடுத்த ஒரு கணக்கு என்பது என் அபிப்பிராயம். இதற்கு முன் வந்த மாறுதல்களில் லாபம் எந்த வீட்டுக்குப் போயிற்று, நஷ்டம் யார் தலையில் விழுந்தது என்ற ஞாபகமே அந்தக் கணக்கின் மூலதனம். அச்சம் கட்டிவிடும் கதை பொய்யாக இருக்கலாம். அந்தக் கதைக்குக் கீழே கிடக்கும் ஞாபகம் பெரும்பாலும் பொய்யாவதில்லை. இதைப் பொதுப்படப் பேசிக்கொண்டு போவதைவிட, ஒரு தேசத்தில், ஒரு கோடைகாலத்தில், ஏறக்குறைய மூன்று வார காலம் நடந்த சம்பவங்களை உங்கள் முன் விரித்துக் காட்டுவது நல்லதென்று எண்ணுகிறேன். தேசம் பிரான்ஸ், ஆண்டு 1789, ஜூலை 20-ஆம் தேதி வாக்கில் தொடங்கி ஆகஸ்டு முதல் வாரத்தில் அடங்கிய அந்த நிகழ்ச்சியைச் சரித்திராசிரியர்கள் பெரும்பீதி என்று அழைக்கிறார்கள்.

பஸ்தீல் சிறைக்கோட்டை தகர்ந்த கதையை நாமெல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அந்தக் கோட்டைக்கு வெகு தூரத்தில், பாரிஸ் நகரத்தையே கண்ணால் கண்டிராத கிராமங்களில் என்ன நடந்தது என்பதை அவ்வளவாகப் படித்ததில்லை. அன்றைய பிரான்சின் ஜனத்தொகை சுமார் 2 கோடியே 80 லட்சம். அதில் மிகப் பெரும்பாலோர் நிலத்தை நம்பிப் பிழைத்தவர்கள். சமுதாயம் குருமார், பிரபுக்கள், மற்றவர்கள் என்று மூன்று வகுப்பாகச் சட்டப்படியே பிரிக்கப்பட்டிருந்தது. முதலிரண்டு வகுப்பாரும் ஜனத்தொகையில் மிகச் சிறு பகுதியே ஆயினும், நேர்வரிகளின் பெரும்பாரத்திலிருந்து விலக்குப் பெற்றிருந்தார்கள். மூன்றாம் வகுப்பைச் சேர்ந்த குடியானவனோ, அரசனுக்கு வரி கட்டினான். திருச்சபைக்கு விளைச்சலில் பங்கு கொடுத்தான். தன் பிரபுவுக்கு நிலத்தின் பேரில் பணமாகவும் தானியமாகவும் கோழியாகவும் பலவகைத் தீர்வைகளைச் செலுத்தினான். பிரபுவின் ஆலையிலேயே மாவரைத்து, அதற்கும் கூலி கொடுத்தான். பிரபுவின் புறாக்கள் தன் விதைப்பைத் தின்றபோது அவற்றைக் கொல்லும் உரிமையின்றிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்தத் தீர்வைகள் எல்லாம் நிலவுரிமைப் பதிவேடுகளில் எழுதப்பட்டிருந்தன. பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்திய சில பத்தாண்டுகளில், வரவுக்கு மேல் செலவு செய்துவந்த பிரபுக்கள் பலர், பழைய ஆவணங்களைத் துருவி ஆராய்வதில் தேர்ந்த நிபுணர்களை அமர்த்தி, வழக்கொழிந்துபோன தீர்வைகளைக்கூடத் தேடி எடுத்துப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். ஆகவே, சங்கிலியும் கோலும் எடுத்துக்கொண்டு நிலம் அளக்க ஒருவன் ஊருக்குள் வந்தால், கையில் குறிப்புப் புத்தகத்தோடு விளைச்சல் விவரம் கேட்டுக்கொண்டு ஒருவன் நின்றால், அடுத்த அறுவடைக்குள் ஏதோ ஒரு பாரம் கூடப்போகிறது என்று குடியானவன் முடிவு கட்டியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அவன் மூடனாக இருந்ததால் அந்த முடிவுக்கு வரவில்லை. அவன் தகப்பன் காலத்திலும் அப்படித்தான் நடந்தது.

நல்ல நோக்கமுடைய சீர்திருத்தங்களும் அவனுக்கு இதே பாடத்தைத்தான் கற்பித்தன. 1774-ஆம் ஆண்டில் பதினாறாம் லூயி மன்னனின் நிதி மந்திரியாக வந்த தூர்கோ என்பவர் பேரறிஞர். நேர்மைக்குப் பெயர் பெற்றவர். தானிய வியாபாரத்தின் மேலிருந்த பழைய கட்டுப்பாடுகளை நீக்கிவிட்டால், விலை உயர்ந்த இடத்துக்குத் தானியம் தானே போகும், உழவனுக்கும் உற்சாகம் பிறக்கும், நாளடைவில் உணவு பெருகும் என்பது அவருடைய சித்தாந்தம். அந்த வருஷம் செப்டம்பரிலேயே கட்டளை பிறந்தது. நாளடைவில் என்ற சொல்லுக்குள் ஏழையின் வயிறு அடங்குவதில்லை என்பதை அவர் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவ்வாண்டு விளைச்சல் குன்றியது. 1775 வசந்தத்தில் விலை ஏறியது. பாரிஸைச் சுற்றிய பிரதேசங்களில் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் நூற்றுக்கணக்கான இடங்களில் கலகம் மூண்டது. அதற்கு மாவுப் போர் என்று பெயர்.

அந்தக் கலகத்தில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. சந்தைகளிலும் ஆலைகளிலும் கூடிய கும்பல் பல இடங்களில் மூட்டைகளைச் சூறையாடிவிட்டு ஓடவில்லை. தாங்கள் நியாயமென்று கருதிய ஒரு விலையைத் தாங்களே வகுத்து, அந்த விலையை எண்ணிக் கொடுத்துவிட்டு மாவை எடுத்துச் சென்றார்கள். பெண்கள் அதில் முன் நின்றார்கள். சர்க்கார் படைகளைக் குவித்தது; பாரிஸில் இருவரைத் தூக்கிலிட்டது; கலகம் அடங்கியது. அடுத்த ஆண்டு தூர்கோவும் பதவியிழந்தார். ஆனால் ஒன்று மட்டும் அழியாமல் தங்கிவிட்டது. சட்டம் மாறும்போதெல்லாம் ரொட்டியின் விலை ஏறுகிறது, மேலிடத்தில் யாரோ நம் பட்டினியில் பணம் பண்ணுகிறார்கள் என்ற எண்ணம் ஜனங்களின் உள்ளத்தில் வேரூன்றியது. அரசனும் வியாபாரிகளும் கூடிப் பஞ்சத்தை உண்டாக்க ஒப்பந்தம் செய்துகொண்டார்கள் என்ற வதந்தி அதற்கு முன்பே உலவிக்கொண்டிருந்தது. அப்படி ஓர் ஒப்பந்தம் இருந்ததில்லை. ஆனால், பஞ்சகாலத்தில் பணம் சேர்த்தவர்கள் இருந்தார்கள் என்பதை யார் மறுக்க முடியும்? சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்று நம்மவர்கள் சொல்லுவது, மனிதர்களைப் பற்றியும் சொன்னதுதான்.

இத்தகைய ஞாபகங்களைச் சுமந்துகொண்டிருந்த நாட்டின்மீது 1788-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் தேதி பெரியதொரு கல்மழை பெய்து, பாரிஸைச் சூழ்ந்த விசாலமான விளைநிலங்களை அழித்துவிட்டது. அதைத் தொடர்ந்து வந்த பனிக்காலம் மிகக் கடுமையாக இருந்தது, ஆறுகள் உறைந்தன, ஆலைகள் நின்றன. இரண்டாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தோடு செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையின் விளைவாக மலிவான இங்கிலீஷ் துணிகள் வந்து குவியவே, வடபகுதியின் நெசவுத் தொழிலாளர்களில் பலர் ஏற்கெனவே வேலையிழந்திருந்தனர். பாரிஸில் 1788 ஆகஸ்டில் ஒன்பது ஸூ காசுக்கு விற்ற நாலு ராத்தல் ரொட்டி, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பதினாலரை ஸூவுக்கு ஏறி அங்கேயே நின்றது. சாதாரணக் கூலிக்காரனுக்கோ வேலை கிடைத்த நாளில் இருபது, முப்பது ஸூ வருமானம். குடும்பத்துக்கு ரொட்டி வாங்கிய பிறகு, துணிக்கும் விறகுக்கும் வாடகைக்கும் என்ன மிஞ்சும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அந்தச் சமயத்தில் பிரான்சைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த ஆர்தர் யங் என்ற இங்கிலீஷ் விவசாய நிபுணர் தம் பிரயாணக் குறிப்பில் ஒரு சந்திப்பை எழுதி வைத்திருக்கிறார். 1789 ஜூலை 12-ஆம் தேதி, மெட்ஸ் நகருக்குப் போகும் வழியில், குதிரைக்குச் சிரமம் குறையட்டும் என்று ஒரு மேட்டில் இறங்கி நடந்துகொண்டிருந்தபோது, ஏழைப் பெண்ணொருத்தி அவரோடு பேசிக்கொண்டே வந்தாள். அவளுடைய புருஷனுக்கு ஒரு துண்டு நிலமும், ஒரு பசுவும், ஒரு நோஞ்சான் குதிரையும் இருந்தன. பிள்ளைகள் ஏழு பேர். அந்தத் துண்டு நிலத்துக்காக ஒரு பிரபுவுக்கு 42 ராத்தல் கோதுமையும் மூன்று கோழிகளும், இன்னொரு பிரபுவுக்கு 168 ராத்தல் ஓட்ஸும் ஒரு கோழியும் ஒரு ஸூவும் கொடுக்கவேண்டும். சர்க்கார் வரிகள் தனி. முதுகு கூனி, முகம் சுருங்கியிருந்த அவளைச் சற்றுத் தொலைவிலிருந்து பார்த்தால் அறுபது, எழுபது வயது மதிக்கலாமாம். தனக்கு இருபத்தெட்டு வயது என்று அவள் சொன்னாள். எங்களைப் போன்ற ஏழைகளுக்கு யாரோ பெரிய மனிதர்கள் ஏதோ செய்யப்போகிறார்களாம், யார் என்றும் எப்படி என்றும் தெரியவில்லை என்ற பொருளில் அவள் பேசியிருக்கிறாள்.

அன்பர்களே, அந்தப் பெண்ணின் பேச்சில் இருந்தது நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு அடிப்படையும் இருந்தது. அவ்வாண்டு வசந்தத்தில், மூன்று வகுப்பாரின் பிரதிநிதிகளும் அடங்கிய மகாசபை கூடுவதை முன்னிட்டு, ஒவ்வோர் ஊரும் தன் குறைகளை எழுதி அனுப்பவேண்டுமென்று அரசன் ஆணையிட்டிருந்தான். தலைமுறை தலைமுறையாக வாய்பொத்தி நின்ற ஜனங்களைக் கூட்டி வைத்து, உங்களுக்கு என்ன குறை என்று அரசனே கேட்டது, அவர்களைப் பொறுத்தவரை, குறை தீர்ந்ததற்குச் சமானம். மே 5-ஆம் தேதி வெர்சேல்ஸில் சபை கூடியது. வாரங்கள் கழிந்தன. பிரதிநிதிகள் ஓட்டளிக்கும் முறையைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். வரி குறையவில்லை, ரொட்டி மலியவில்லை. அரசன் கொடுக்க நினைத்ததை யாரோ தடுக்கிறார்கள் என்று ஊரார் கருதினார்கள். தடுக்கக்கூடியவர்கள் யார்? மாறுதலால் இழப்படையக் கூடியவர்கள்தானே? நம்பிக்கை எவ்வளவு பெரிதாக இருந்ததோ, அந்த அளவுக்குச் சந்தேகமும் பெரிதாயிற்று. ஜூலை 11-ஆம் தேதி ஜனங்கள் நம்பியிருந்த நெக்கர் என்ற மந்திரி நீக்கப்பட்டதும், 14-ஆம் தேதி பாரிஸ் ஆயுதமெடுத்துப் பஸ்தீலைப் பிடித்ததும், அரசனின் தம்பி முதலிய பிரபுக்கள் சிலர் நாட்டைவிட்டு வெளியேறியதும், அந்தச் சந்தேகத்துக்கு நிரூபணம்போல் வந்து சேர்ந்தன.

அப்போதுதான் கொள்ளைக்காரர்களைப் பற்றிய வதந்தி கிளம்பியது. பிரபுக்கள் கூலிகொடுத்து ஏவிய கொள்ளைக்கூட்டம் வருகிறது. முற்றாத பயிரை அறுத்து நாசமாக்கி, குடியானவர்களைப் பட்டினி போட்டு அடக்கப்போகிறது என்று ஊருக்கு ஊர் பேச்சு எழுந்தது. அறுவடைக்குச் சில நாட்களே இருந்த நேரம் அது. வேலையும் கஞ்சியும் தேடி நாடெங்கும் அலைந்துகொண்டிருந்த ஏழைகள், கூட்டங்கூட்டமாகப் பண்ணை வாசலில் வந்து நின்று, பிச்சை கேட்பதும் மிரட்டுவதுமாக இருந்தது உண்மை. ஆகவே கொள்ளைக்காரன் என்ற உருவத்துக்கு ரத்தமும் சதையும் ஏற்கெனவே இருந்தன. பிரபுவின் கூலி என்பது மட்டுமே அச்சம் சேர்த்த கற்பனை.

நாட்டின் கிழக்கிலும் மேற்கிலும் வடக்கிலுமாகச் சுமார் அரை டஜன் இடங்களில் தனித்தனியே மூண்ட பீதி, பிரெத்தாஞ் போன்ற சில மாகாணங்கள் நீங்கலாக, பிரான்சின் பெரும்பகுதியில் பரவியது. ஷாம்பெய்ன் பிரதேசத்தில் ஜூலை 24-ஆம் தேதி கொள்ளைக்கூட்டம் காட்டுக்குள் நுழைந்ததைக் கண்டதாகச் சிலர் ஓடிவந்து சொல்ல, கோயில் மணிகள் அபாய அறிவிப்பாக முழங்க, ஏறக்குறைய 3000 பேர் கிடைத்த ஆயுதங்களோடு திரண்டுவிட்டார்கள். தேடிப் பார்த்ததில், அவர்கள் கண்டது ஒரு மாட்டு மந்தை என்று தெரிந்தது. மேற்கே ரூஃபெக் என்ற ஊரில், பிச்சை கேட்டு வந்த சில அந்நியர்களைக் கண்டதே போதுமானதாயிற்று. கிழக்கே வெசூல் நகருக்கருகே கென்ஸே என்ற மாளிகையில், ஜூலை 19 இரவில், குடிமக்களும் சிப்பாய்களும் கூடிக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது வெடிமருந்துப் பீப்பாய் ஒன்று வெடித்துச் சிலர் மாண்டனர். அது விபத்து என்பதற்கே எல்லா அறிகுறிகளும் இருந்தன. ஆனால் பிரபு விருந்துக்கு அழைத்து ஜனங்களைக் கொன்றான் என்ற செய்தி, மாகாணத்தைக் கொளுத்திவிட்டு, வெர்சேல்ஸ் சபை வரையில் போய்ச் சேர்ந்தது.

செய்தியைச் சுமந்து சென்றவர்கள் யார் என்று பார்த்தால், எழுத்தறிவில்லாதவர்கள் மட்டுமல்லர் என்பது புலப்படும். தபால் நிலையத் தலைவர்கள் குதிரையாட்களை அனுப்பினார்கள். ஊர்க் குருமார் கடிதமெழுதினார்கள். நகரசபை அதிகாரிகள் அடுத்த நகரத்துக்கு எச்சரிக்கை விடுத்தார்கள். பிரபுக்களே பல இடங்களில் கதையை நம்பி ஊராருக்கு ஆயுதம் கொடுத்தார்கள். படித்தவனுக்குத் தெரிந்ததும் படிக்காதவனுக்குத் தெரிந்ததும் ஒன்றாகவே இருந்த நாட்களில், அறியாமையை ஏழைக்கு மட்டும் உரியதாக்குவது எப்படி நியாயமாகும்? அதே ஆர்தர் யங்கையே, ஆகஸ்டு மாதத்தில் தென்பகுதி மலையூர் ஒன்றில் மக்கள் மடக்கினார்கள். அரசியோடும் சில பிரபுக்களோடும் சேர்ந்து, தங்கள் வயல்களை அளந்து வரியை இரட்டிப்பாக்க வந்த ஆள் என்று அவரைச் சந்தேகித்தார்கள். அவர் நிரபராதி. ஆனால் அவர்களுடைய குற்றச்சாட்டின் உருவத்தைக் கவனியுங்கள். மாயமந்திரம் செய்ய வந்தவன் என்று அவர்கள் சொல்லவில்லை. நிலம் அளக்க வந்தவன் என்றார்கள்.

நெடுங்காலம் வரை, இந்தப் பீதிக்குப் பின்னால் ஒரு சதி இருந்தே தீரவேண்டுமென்று இரு கட்சியாரும் நம்பினார்கள். பிரபுக்கள் கிளப்பியது என்றார்கள் புரட்சிக்காரர்கள். புரட்சிக்காரர்கள் கிளப்பியது என்றார்கள் மன்னர் கட்சியார். 1932-இல் ஜார்ஜ் லெஃபெவ்ர் என்ற பிரெஞ்சுச் சரித்திராசிரியர், உள்ளூர்ப் பத்திரங்களை ஊர் ஊராக ஆராய்ந்து, பீதி எந்த வழியாக, எந்த நாளில், எந்தக் கிராமத்தை அடைந்தது என்று தடம் பிடித்து எழுதிய நூலில், அதைத் திட்டமிட்டுக் கிளப்பியவர் எவருமில்லையென்று காட்டினார். பசியும், அலையும் ஏழைகளும், பிரபுக்கள்மேல் இருந்த சந்தேகமும் ஒன்றுசேர்ந்த இடத்தில், பொறி போட ஒருவன் வேண்டியிருக்கவில்லை.

கொள்ளைக்காரன் வரவில்லை, ஆனால் ஆயுதம் கைக்கு வந்துவிட்டது. சில பிரதேசங்களில் பீதிக்கு முன்பே குடியானவர்கள் எழுச்சி தொடங்கியிருந்தது. தோஃபினே போன்ற இடங்களில் பீதியே எழுச்சியாக மாறியது. கூடியவர்கள் மாளிகைகளுக்குச் சென்றார்கள். அவர்கள் முதலில் கேட்டது வெள்ளிப் பாத்திரங்களை அல்ல, நிலவுரிமைப் பதிவேடுகளை. அவற்றை முற்றத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். பதிவேடு கிடைக்காத இடத்தில் மாளிகையைக் கொளுத்தினார்கள். உயிர்க்கொலை ஒப்பளவில் குறைவாகவே இருந்தது. நம் நாட்டிலும் இதையொத்ததொரு காட்சி உண்டு. 1875 மே 12-ஆம் தேதி பூனா ஜில்லாவில் சூபா என்ற ஊரில் தொடங்கிய தக்காணக் கலகத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஏறிய பருத்தி விலையை நம்பிக் கடன்பட்டு, விலை விழுந்தபின் கடனுக்கும், மறு அளவையில் உயர்ந்த நிலவரிக்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட குடியானவர்கள், வட்டிக்கடைக்காரர்களிடமிருந்து கடன்பத்திரங்களைப் பிடுங்கித் தீயிலிட்டார்கள். அடிமைத்தனம் எந்தக் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பது எழுதப்படிக்கத் தெரியாதவனுக்கும் தெரிந்திருக்கிறது.

இதுவரை சொன்னதைக் கொண்டு அச்சமெல்லாம் நியாயமே என்று நான் வழக்காடுவதாக எவரும் எண்ணவேண்டாம். பீதிக்குக் கண் உண்டு என்று சொல்லமுடியாது. அந்த ஜூலை மாதக் கடைசியிலேயே, ஆல்ஸாஸ் மாகாணத்தின் தென்பகுதியில், குடியானவர்களின் ஆத்திரம் பிரபுக்களோடு நில்லாமல் யூதர்கள்மேல் திரும்பியது. கடன் கொடுத்தவர்கள் சிலர் அச்சமூகத்தில் இருந்தார்கள் என்ற காரணத்தால், எல்லா யூதர்களின் வீடுகளும் சூறையாடப்பட்டன. குடும்பம் குடும்பமாக அவர்கள் எல்லை கடந்து பாஸல் முதலிய ஊர்களுக்கு ஓடினார்கள். அலைந்து திரிந்த ஏழைகளே ஏனைய ஏழைகளால் கொள்ளைக்காரர்கள் என்று விரட்டப்பட்டார்கள். அச்சத்தின் வேர் உண்மையாக இருப்பதால், அதன் கை நீளும் திசையும் சரியாகத்தான் இருக்கும் என்பதில்லை. தனக்கு எட்டுகிறவனை, தன்னிலும் பலவீனனை, அது முதலில் பற்றுகிறது. இதனாலேயே அதை அலட்சியம் செய்வதும் பெருந்தவறு, அதைத் தூண்டிவிட்டு லாபம் தேடுவதும் பெரும்பாதகம்.

அஞ்சியவர்கள் கீழே இருந்தவர்கள் மட்டுமா? நகரங்களில் சொத்துடைய நடுத்தரவகுப்பார், பஸ்தீல் விழுந்ததைக் கொண்டாடியவர்களே, கிராமத்து நெருப்பைக் கண்டு கலங்கினார்கள். மாகோனே பிரதேசத்தில் அவர்களுடைய நகரப் படைகள் குடியானவர்களைத் துரத்திப் பிடித்து, விரைவு விசாரணை நடத்திப் பலரைத் தூக்கிலிட்டன. வெர்சேல்ஸ் சபையில் இருந்த பிரபுக்களின் அச்சமோ வேறு வகையில் வெளிப்பட்டது. ஆகஸ்டு 4-ஆம் தேதி இரவு, நுவாய் என்ற பிரபு எழுந்து வரிச்சமத்துவத்தையும் தீர்வை நீக்கத்தையும் பிரேரேபித்தார். பெருஞ்செல்வரான எகியோன் கோமகன் அதை ஆதரித்தார். அதைத் தொடர்ந்து ஒருவர் பின் ஒருவராக எழுந்து, நள்ளிரவு கடந்தும், வேட்டையுரிமை, புறாக்கூட்டுரிமை, திருச்சபையின் விளைச்சல் பங்கு, நகரங்களின் சலுகை என்று ஒவ்வொன்றாகத் துறந்தார்கள். கண்ணீரும் கரகோஷமும் கலந்த அந்த இரவை மனித உள்ளத்தின் பெருமைக்குச் சாட்சியாகக் கொள்ளுவோரும் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு.

ஆனால் விடிந்த பிறகு நடந்ததையும் பார்க்கவேண்டும். பிரபுத்துவம் அடியோடு ஒழிந்ததாக ஆரவாரத்தோடு தொடங்கிய ஆகஸ்டு 11 தீர்மானத்திலேயே, நிலத்தின் பேரில் உள்ள தீர்வைகளில் பெரும்பாலானவற்றைக் குடியானவன் விலைகொடுத்தே விடுவித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அடுத்த ஆண்டு மே மாதச் சட்டத்தில் அந்த விலையும் வகுக்கப்பட்டது: பணத் தீர்வைக்கு ஆண்டுத் தொகையைப்போல் இருபது மடங்கு, தானியத் தீர்வைக்கு இருபத்தைந்து மடங்கு. ஆண்டுத் தீர்வையே கட்டமுடியாதவன் இருபத்தைந்தாண்டுத் தீர்வையை ஒரே தவணையில் எங்கிருந்து கொண்டுவருவான்? அதுவரை பழைய தீர்வையைக் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். அச்சத்தில் கொடுத்ததை அச்சம் தெளிந்ததும் அளந்து திரும்பப் பெறுவது என்பது இதுதான். குடியானவர்கள் ஏமாற்றத்தை உணர்ந்தார்கள். பல இடங்களில் கட்ட மறுத்தார்கள். கலகங்கள் நின்று நின்று மூண்டன. ஈடு ஏதுமின்றித் தீர்வைகள் முற்றிலும் ஒழிந்தது 1793 ஜூலை 17-ஆம் தேதிச் சட்டத்தினால்தான். அந்த ஓர் இரவில் மனதார முடித்திருக்கவேண்டிய காரியத்துக்கு நாலாண்டுக் காலமும், அதற்கிடையே எத்தனையோ நெருப்பும் ரத்தமும் செலவாயின.

பிரான்சில் மூண்டது பொய்யான செய்தியின்மேல் எழுந்த அச்சம். செய்தி மெய்யாகவே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்து உதாரணம். தென்னிங்கிலாந்தின் பண்ணைக் கூலிக்காரனுக்குக் கோடையிலும் அறுவடையிலும் வேலை கிடைக்கும். பனிக்காலத்தில் அவனுக்கிருந்த ஒரே பெரிய வேலை, களஞ்சியத்துக்குள் நின்று கோலால் கதிரடிப்பது. கதிரடிக்கும் யந்திரம் வந்து அந்த வேலையைப் பறித்தது. 1830 ஆகஸ்டு 28-ஆம் தேதி, கெண்ட் ஜில்லாவில் கேன்டர்பரிக்கு அருகே முதல் யந்திரம் உடைக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் தெற்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான யந்திரங்கள் நொறுக்கப்பட்டன. கேப்டன் ஸ்விங் என்ற கற்பனைப் பெயரில் பண்ணைக்காரர்களுக்கு மிரட்டல் கடிதங்கள் பறந்தன. கூலிக்காரர்கள் மனிதரை எவ்வளவோ தவிர்த்து, யந்திரத்தையும் வைக்கோற்போரையும் தாக்கினார்கள். கூலி உயர்வைக் கேட்டார்கள். சர்க்கார் 19 பேரைத் தூக்கிலிட்டது. ஏறக்குறைய 500 பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தியது. அவர்களை முன்னேற்றத்தின் விரோதிகள் என்று எழுதிய பேனாக்களுக்குக் குறைவில்லை. ஆனால், யந்திரம் வந்தால் தங்கள் பனிக்காலக் கஞ்சி போய்விடும் என்று அவர்கள் கருதியதில் எள்ளளவும் பிழையில்லை. யந்திரம் மிச்சப்படுத்திய கூலியில் ஒரு பங்கு அவர்கள் அடுப்புக்கும் வரும் என்று சொல்ல எவரும் முன்வரவில்லை. அதற்கு நாலாண்டு கழித்து வந்த சீர்திருத்தமோ, ஏழைகளுக்கு ஊர்ச்செலவில் கிடைத்துவந்த உதவியைக் குறுக்கி, உடலில் பலமுள்ளவனை ஏழைகளின் வேலை விடுதிக்குள் புகச் சொன்னது.

ஆகவே அன்பர்களே, ஒரு மாறுதலை ஜனங்கள் அஞ்சுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், அவர்களுக்குப் பாடம் நடத்தப் புறப்படுவதற்கு முன் நாம் ஆராயவேண்டியவை மூன்று. முதலாவது, இதே ஜனங்களுக்கு இதற்கு முன் வந்த மாறுதல்களில் என்ன கிடைத்தது என்பது. தூர்கோவின் சித்தாந்தத்தில் தர்க்கப்பிழை இல்லாமல் இருக்கலாம். மாவு ராத்தல் என்ன விலை என்று கேட்ட பெண்ணின் தர்க்கத்திலும் பிழையில்லை. இரண்டாவது, அவர்கள் நம்பத்தக்க செய்தி அவர்களுக்குக் கிடைக்கிறதா என்பது. வெர்சேல்ஸில் நடப்பதைப் பிரதிநிதிகள் எழுதும் கடிதம் வந்தாலொழிய அறிய வழியில்லாமல், வாரக்கணக்கில் காத்திருந்த ஊர்களில்தான் மாட்டு மந்தை கொள்ளைக்கூட்டமாகத் தெரிந்தது. அதிகாரத்தின் மௌனம் வெறுமையாக விட்ட இடத்தை வதந்தி நிரப்பிவிடும். மூன்றாவதும் முக்கியமானதும், நஷ்டத்தின் பங்கீடு. எந்த மாறுதலிலும் நஷ்டமடைகிறவர் சிலர் இருப்பார்கள். அந்த நஷ்டத்தை யார் ஏற்பது, ஈடு எப்படி, எப்போது, எந்தச் சட்டத்தின் பலத்தில் என்பதை மாறுதல் வருவதற்கு முன்பே சொல்லவேண்டும். சொன்னதை எளியவன் நியாயஸ்தலத்தில் நின்று கேட்டுப் பெறக்கூடியதாகச் செய்யவேண்டும். லாபத்தை எதிர்காலத்துக்கும் நஷ்டத்தை நிகழ்காலத்துக்கும் பங்கிட்டுவிட்டு, லாபம் ஒரு வகுப்பாருக்கும் நஷ்டம் இன்னொரு வகுப்பாருக்குமாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள், ஜனங்களின் நம்பிக்கையைக் கோருவதற்கு யோக்கியதை இழந்தவர்கள்.

ஏற்றத்தாழ்வு குறைந்த சமுதாயத்தில் மாறுதல் வந்தால் மனிதர் அஞ்சமாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். அஞ்சுவார்கள், புதியதைக் கண்டு தயங்குவது மனித சுபாவம். ஆனால், தவறிப்போனால் எல்லோரும் சேர்ந்து தவறுவோம், விழுந்தால் தூக்கிவிடக் கையுண்டு என்று அறிந்தவனின் தயக்கம், ஆராய்ச்சிக்கும் விவாதத்துக்கும் இடங்கொடுக்கும். இடறினால் பாதாளம் என்று அறிந்தவனின் அச்சம் விவாதத்துக்குக் காத்திராது. 42 ராத்தல் கோதுமையும் மூன்று கோழிகளும் கொடுத்துவிட்டு ஏழு பிள்ளைகளை வளர்க்கிற ஒரு வீட்டுக்கு, ஒரே ஒரு விளைச்சல் பொய்த்தால் எல்லாம் முடிந்தது. பரீட்சித்துப் பார்ப்பதற்கு வேண்டிய மிச்சம் அந்த வீட்டில் இல்லை. துணிவு என்பது குணத்தை மட்டும் பொறுத்ததன்று, கையிருப்பையும் பொறுத்தது. ஜனங்கள் துணிவோடு மாறுதலை வரவேற்கவேண்டுமென்று விரும்புகிறவர்கள், முதலில் அவர்கள் துணிவதற்கு வேண்டிய கையிருப்பை, நிலமாகவோ கூலியாகவோ கல்வியாகவோ காப்பீடாகவோ, அவர்கள் கையில் சேர்க்கவேண்டும். அதைச் செய்யாமல் அச்சத்தை மட்டும் அகற்றப் பார்ப்பது, செலுத்தவேண்டிய கடனைச் செலுத்தாமல் கடன் கொடுத்தவனுக்குத் தைரியம் சொல்லுவதாகும்.